என் கை பட்ட டைம்லைன்

மேடத்தின் மானிட்டரில் எப்போதும் ஒரு சந்தனப் பொட்டு இருக்கும். மேல்விளிம்பின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். வெள்ளிக்கிழமைகளில் பழையதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பார். ஏசி காற்றில் சந்தனம் காய்ந்து, பொருக்காக உதிர்ந்து, கீபோர்டின் இடுக்குகளில் விழும். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில், துணிக்கடை ஒன்றின் கிடங்குக்கு மேல்மாடியில் இருந்தது அந்த எடிட்டிங் அறை. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருப்போம். உள்ளே இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒன்று மேடத்துடையது, மற்றது என்னுடையது. என் மானிட்டருக்குப் பொட்டு கிடையாது. வேலைக்குச் சேர்ந்து பல மாதங்கள் வரை அதை நான் ஒரு குறையாக நினைக்கவே இல்லை.

மேடம் மயிலாப்பூர்க்காரர். தெப்பக்குளத்தை ஒட்டிய தெரு ஒன்றில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பம். பிலிமைக் கத்தரித்து ஒட்டிய காலத்திலேயே இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த நாற்காலிகளில் ஒன்றைப் பிடித்து, பல ஆண்டுகள் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தவர். என் வீடு அடையாற்றின் கரையில் இருந்தது. அதை இடித்து எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பியபோது நான் நந்தனத்தில் கல்லூரி இறுதியாண்டில் இருந்தேன். இரண்டு பஸ் மாறி வகுப்புக்கு வருவேன், இரண்டு பஸ் மாறித் திரும்புவேன். கல்லூரி லேபிலேயே எடிட்டிங் மென்பொருளின் சந்துபொந்தெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஆகவே மேடத்திடம் நான் வேலை கற்றுக்கொண்டேன் என்று யாராவது சொன்னால் இன்றும் மறுப்பேன். அவர் வேலையைச் செய்தார், நான் என் வேலையைச் செய்தேன்.

நாங்கள் எடிட் செய்தது வாரம் முழுக்க ஓடும் ஒரு மெகா சீரியல். மேடம் காட்சிகளை வெட்டி வரிசைப்படுத்துவார். ஒரு காட்சி மெல்ல இருண்டு அடுத்தது எழுகிற இடங்கள், ஒன்று கரைந்து மற்றொன்றாக மாறுகிற இடங்கள், எழுத்துகள் எல்லாம் என் பொறுப்பு. எல்லாம் முடிந்ததும் ரெண்டர் போடுவோம். டைம்லைனில் துண்டு துண்டாக அடுக்கி வைத்திருக்கும் படமும் ஒலியும் சேர்ந்து ஒரே எபிசோடாக வெந்து இறங்குவதற்குப் பெயர்தான் ரெண்டர். டைம்லைனின் தலையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். வேக வேக அது பச்சையாகிக்கொண்டே போகும். பச்சை கடைசிவரை போய்ச் சேர்ந்தால் எபிசோட் சேனலுக்குப் போகும், சாயங்காலம் ஊரே பார்க்கும். நடுவில் நின்றால் அன்றைக்கு எங்கள் பிழைப்பும் நின்றதாக அர்த்தம்.

முதல் சீரியல் பாதியில் ஊத்தி மூடிக்கொண்ட பிறகு, புதிய சீரியல் தொடங்கியதிலிருந்து ரெண்டர் நிற்க ஆரம்பித்தது. பச்சைக் கோடு நன்றாக ஓடிக்கொண்டே வரும், திடீரென்று ஓரிடத்தில் அப்படியே உறையும். மவுஸ் அம்புகூட நகராது. கடைசியில் அணைத்து மறுபடி போட வேண்டியதுதான். எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நான் தொட்ட இடத்தில்தான் நின்றது. மேடம் வெட்டி ஒட்டிய இடங்களைத் தாண்டி வழுக்கிக்கொண்டு வரும் கோடு, நான் ஒரு காட்சியை மங்க வைத்த இடம் வந்ததும் உயிரை விடும். "நீ பண்ற இடத்துல மட்டும் ஏண்டி நிக்கறது?" என்று மேடம் முதலில் சாதாரணமாகத்தான் கேட்டார். அடுத்த வாரம் அந்தக் கேள்வி வேறு மாதிரி வந்தது. "சில பேர் கை அப்படி. ராசி இல்லாத கை. அவாளைச் சொல்லி என்ன பிரயோஜனம்."

அந்தச் சொல் வெறும் பேச்சாக இருந்தபோது சிரித்துக்கொண்டேன். பிறகு அது வழக்கமாயிற்று. புதிய எபிசோடின் முதல் காட்சியை நான் டைம்லைனில் வைக்கக் கூடாது என்றார்கள். ரெண்டர் பொத்தானை நான் அழுத்தக் கூடாது. அழுத்தும் நேரத்தில் நான் அறையிலேயே இருக்கக் கூடாதென்று, "செத்த வெளில நின்னுட்டு வாடி" என்று மாடிப்படிக்கு அனுப்பப்பட்டேன். அமாவாசைக்குத் திருஷ்டிப் பூசணிக்காய் சுற்றியபோது இரண்டு கம்ப்யூட்டருக்கும் சுற்றிவிட்டு, என் நாற்காலிக்குத் தனியாக ஒரு எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். மாடிப்படியில், துணிக்கடைப் பையன்கள் மூட்டைகளோடு ஏறி இறங்க, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற அந்த நேரங்களை நினைத்தால் இன்றும் என் கழுத்து சூடாகிறது. கை என்று அவர்கள் சொன்னது வேறு எதையோ என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் தேட ஆரம்பித்தது கோபத்தில். தற்காலிகக் கோப்புகளைச் சுத்தமாக அழித்துப் பார்த்தேன். ஹார்டு டிஸ்க்கை மாற்றினேன். மொத்த டைம்லைனையும் புதிதாக ஒன்றில் ஒட்டிப் போட்டுப் பார்த்தேன். நின்றது. பாதியாக வெட்டி, பாதியைப் பாதியாக்கி ஓட்டிப் பார்த்தேன். மங்கும் இடம் உள்ள துண்டுகள் நின்றன, இல்லாத துண்டுகள் ஓடின. ஒரு பிரதோஷத்தன்று மேடம் கோயிலுக்காகச் சீக்கிரம் கிளம்பிவிட்டார். டைம்லைனில் படங்கள் மாடி மாடியாக, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு மாடிக்கும் டிராக் என்று பெயர். ஒவ்வொன்றாக அணைத்து ரெண்டர் போட்டுக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், சுருட்டிச் சுருட்டி ஒரு நூல் கனத்துக்கு ஆக்கப்பட்ட ஒரு டிராக் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அதை அணைத்ததும் பச்சைக் கோடு ஒரே மூச்சில் ஓடி முடிந்தது.

விரித்துப் பார்த்தேன். பிள்ளையார் படம். எபிசோடின் தலையிலிருந்து கால்வரை நீட்டி வைத்திருந்தது. கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கலாக்கியிருந்தது. ஏதோ கட்டடத்தின் சுவரை மூடுகிற ஃப்ளெக்ஸ் பேனருக்காகச் செய்த படம்போல, அத்தனை பெரிய கோப்பு. மேலே காட்சிகள் முழுசாக மூடியிருக்கும்வரை கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. மேலே இருப்பது மங்கினால், அடியில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டாக வேண்டும். அவ்வளவு பெரிய படத்தை வினாடிக்கு வினாடி தூக்க முடியாமல் அது மூச்சுத் திணறி நின்றுவிட்டது. மங்க வைக்கிற வேலை என்னுடையது. அதனால் பழி என்னுடையது.

மறுநாள் காலை, வேறு யாரும் வருமுன் மேடத்திடம் காட்டினேன். காட்டும்போது என் குரலில் வெற்றி இருந்திருக்கலாம், அதை மறைக்க நான் முயலவில்லை. அவர் திரையையே பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "நான்தான் வெச்சேன். போன சீரியல் மாதிரி ஆயிடக் கூடாதேன்னு வெச்சேன்" என்றார். பிறகு, "யார்கிட்டயும் சொல்லிண்டு இருக்காதே. நான் பாத்துக்கறேன்" என்றார். நான் நம்பினேன். அவரே தன் கையால் அந்தப் படத்தை எடுத்துவிட்டார். எபிசோட் ஓடியது.

பத்து மணிக்கு மேல் தயாரிப்பாளர் வந்தார். கதவருகே நின்றபடியே, "இன்னாம்மா, இன்னிக்காவது ரெடியா?" என்றார். மேடம் எழுந்தார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நியாயம் வரப்போகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ரெடி சார். எல்லாத்தையும் நானே உக்காந்து பண்ணேன். அவ கை படாம பண்ணேன். ஜம்முனு ஓடிடுத்து."

தயாரிப்பாளர் என்னைப் பார்க்கவில்லை. "அப்ப இன்னாத்துக்கும்மா வம்பு. நல்லா போய்க்கினு கீது சீரியல். அந்தப் பொண்ண வேற எங்கனா பாத்துக்கச் சொல்லிடுங்க" என்றார்.

"சார், அடியில ஒரு படம் இருந்திச்சு சார். அதனாலதான் நின்னுது" என்றேன். அவர் குனிந்து திரையைப் பார்த்தார். அடியில் எதுவும் இல்லை. மேடம் என்னிடம் மிக மென்மையாக, ஒரு நோயாளியிடம் பேசுவதுபோல, "போறும்மா, விடு" என்றார். அந்த மென்மையை நான் மன்னிக்கவில்லை. அவர் கத்தியிருந்தால்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைத் தூக்கி வெளியே போட்ட பிறகும் அவள் அடையாறு பக்கம் முன்பு போய்வந்த வீடுகளிலேயே வீட்டுவேலை செய்தாள். விடிவதற்கு முன் பஸ் பிடிப்பாள். என் வேலை நிலைத்ததும் அவள் நின்றுவிடுவதாகப் பேச்சு. நடந்ததைச் சொன்னேன்.

"கை சரியில்லன்னாளா? நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"ஒண்ணும் சொல்லாம வந்துக்கினியா?" என்றாள். தைலப் பாட்டிலை மூடி வைத்துவிட்டு, மறுநாள் கட்டப்போகிற புடவையை மடித்து எடுத்து வைத்தாள். அதன்பின் பல வருடங்கள் அந்த முழங்காலோடு அவள் பஸ் ஏறினாள். ஒவ்வொரு நாளும் அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து ஏறுவதை நான் மேடத்தின் கணக்கில் எழுதிக்கொண்டே வந்தேன்.

சீரியல் உலகம் சின்னது. வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் வேலை கேட்டுப் போனபோது அங்கிருந்தவர், "ஓ, நீதானா அது? தொட்டா ஹேங் ஆவும்னாங்களே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கேலிக்குத்தான் சொன்னார், ஆனால் வேலை தரவில்லை. இன்னொரு இடத்தில் வேலை தந்தார்கள், முதல் நாள் கரண்ட் போனது, மூன்றாம் நாள் என்னை வரவேண்டாம் என்றார்கள். கல்யாண வீடியோக்காரர்களிடம் போனேன். அங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது. அங்கேதான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எந்த இடத்தில் என்னை உடைத்தார்களோ அந்த இடத்தில் எவரும் என்னைத் தொட முடியாத ஆளாவேன் என்று. நின்றுபோன டைம்லைன் எங்கே இருந்தாலும் தேடிப் போனேன். ஒலியும் உதடும் விலகி ஓடுகிறதா, முன்னோட்டத்தில் படம் குதிக்கிறதா, ரெண்டர் முடிந்ததும் நடுவில் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள் வருகின்றனவா, எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்தேன். இப்போது தரமணியில் ஒரு நிறுவனத்தில் எனக்கென்று ஒரு அறை இருக்கிறது. வேறெங்கும் ஓடாதது என்னிடம் வரும்.

பழி உணர்ச்சி ஆளை அரித்துவிடும் என்கிறார்கள். எனக்கு அது சோறு போட்டது. மன்னிப்பைப் பற்றி உருகி எழுதுகிறவர்களைப் படிக்கும்போது, இவர்களை யாரும் மாடிப்படியில் நிறுத்தி வைத்ததில்லை போலும் என்று தோன்றும். மேடத்துக்கும் காரணங்கள் இருந்தன, தெரியும். ஒரு பெண் தன் நாற்காலியைக் காப்பாற்ற எத்தனை பயந்திருப்பாள் என்பதை அதே தொழிலில் நரைத்துக்கொண்டிருக்கும் எனக்கு யாரும் விளக்க வேண்டாம். புரிவது வேறு, விடுவது வேறு. இத்தனை வெறுப்பிலும் அவரை 'அவள்' என்று எழுத என் கை வரமாட்டேன் என்கிறது. அதற்காகவும் எனக்குக் கோபம்.

சில வருடங்களாகச் சனிக்கிழமைகளில் நான் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் கூடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். தலைப்பு இதேதான், ரெண்டர் ஏன் நிற்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது. கல்யாண வீடியோக்காரர்கள், யூடியூப் நடத்துகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று கூடம் நிறைந்திருந்தது. மைக்கைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது ஓரத்து நாற்காலியில் மேடத்தைப் பார்த்தேன். முடி முழுக்க வெளுத்திருந்தது. கைத்தறிப் புடவை, மடியில் துணிப்பை. நோட்டீஸில் என் பெயர் பெரிதாகப் போட்டிருந்தார்கள், பார்க்காமல் வந்திருக்க முடியாது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது பயத்தால் அல்ல. இத்தனை காலம் கழித்து அவர் தானாகவே என் அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்ற சந்தோஷத்தால்.

அந்தப் பிள்ளையார் படத்தின் கதையை எல்லா வகுப்பிலும் நான் சொல்வது உண்டு, ஆள் பெயரோ இடமோ இல்லாமல். அன்று இடத்தோடு சொன்னேன். பாண்டி பஜாருக்குப் பின்னால் என்றேன். துணிக்கடை மாடி என்றேன். மாடிப்படியைச் சொன்னேன், எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன். டிராக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

"அடியில இன்னா இருந்திச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். வெச்சவங்க இங்கதான் இருக்காங்க. மேடம், நீங்களே சொல்லுங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. இந்தக் கணத்துக்காக நான் எத்தனை வசனங்கள் வைத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அவர் மறுப்பார், அல்லது அழுவார், அல்லது பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவார். மூன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். மேடம் முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"பிள்ளையார் இருந்தார். நான்தான் வெச்சேன். அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சு என்கிட்ட காட்டினா. நான் படத்தை எடுத்துட்டு, பழியை அவ தலையில போட்டேன். அந்தப் பொண்ணு இவதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பிறகு பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அது பரவி, கூடம் முழுக்கக் கைதட்டியது. எனக்கு அல்ல, அவருக்கு. "இந்த வயசுல இப்படி ஒத்துக்க எவ்ளோ பெரிய மனசு வேணும்" என்று ஒரு வீடியோக்காரர் எழுந்து நின்று சொன்னார். ஒரு பெண் ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். நான் மேடையில் மைக்கோடு நின்றேன். பழிவாங்க நான் பயன்படுத்திய வகுப்பு அவருக்குப் பாராட்டு விழாவாக முடிந்தது. வேலை போன அன்று அந்த எடிட்டிங் அறையில் என்னிடமிருந்து எடுத்ததைவிட, இப்போது எடுத்தது பெரிதாகத் தோன்றியது.

மீதி வகுப்பை எப்படி நடத்தினேன் என்று தெரியவில்லை. கேள்வி நேரத்தில் மேடமே கையைத் தூக்கினார். கச்சேரிகளை போனில் எடுத்து எடிட் செய்து போடுகிறாராம், பாட்டும் வாயும் சேரவில்லை, ரெண்டரும் பாதியில் நிற்கிறது என்றார். போன் ஒரே வேகத்தில் படம் பிடிப்பதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும், முதலில் அதை ஒரே வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு டைம்லைனில் வையுங்கள் என்று சொன்னேன். மாணவி போல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் வாசல் பக்கம் நின்றார். வாட்ச்மேன் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்.

"பேரைப் பாத்துண்டுதான் வந்தேன்" என்றார் மேடம். "நீ கேப்பேன்னு தெரியும். சொல்லிட்டேன். போறுமோல்லியோ?"

"போதாது மேடம்."

அவர் முகம் மாறியது. இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"இவங்களுக்கெல்லாம் என்னைத் தெரியும். என் கையைப் பத்தி நீங்க சொன்னது இவங்ககிட்ட இல்ல. புரொடியூசர்கிட்ட. அவர் நம்பர் இருக்கா?"

"இருக்கு. தீபாவளிக்குப் பேசுவார். ரொம்பத் தளர்ந்துட்டார்டி."

"போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

"இப்பவா?"

"இப்ப."

பையிலிருந்து போனை எடுக்க அவருக்கு நேரமாயிற்று. நான் உதவவில்லை. மறுமுனையில் தயாரிப்பாளரின் குரல் கரகரத்து வந்தது. "ஆங், சொல்லும்மா. நல்லா கீறியா?"

"நன்னா இருக்கேன் சார். ஒரு விஷயம். நம்ம ரெண்டர் நின்னுண்டே இருந்துதே, ஒரு பொண்ணை அனுப்பினோமே. அவ மேல தப்பே இல்லை சார். நான்தான் படத்தை வெச்சிருந்தேன்."

"எந்தப் படம்மா? நாம எங்க படம் எடுத்தோம், சீரியல்தான?"

"அந்தப் படம் இல்லை சார். பிள்ளையார் படம். டைம்லைன்ல அடியில..."

"யாரு பொண்ணு?"

"பவானி சார். என்கூட உக்காந்துண்டு எடிட் பண்ணாளே. கை ராசியில்லைன்னு நிறுத்தினோமே."

மறுமுனையில் மூச்சு இரைக்கும் சத்தம் கேட்டது. யாரிடமோ மாத்திரை வேண்டாம் என்றார். பிறகு, "அப்படி யாருனா இருந்தாங்களா இன்னா? எனக்கு நெனப்பு இல்லியேம்மா" என்றார். "வுடு, இப்ப எதுக்கு அதெல்லாம்?"

என் அம்மாவின் முழங்காலைத் தேய்த்துத் தீர்த்த அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன மனிதருக்கு நான் என்று ஒருத்தி இருந்ததே ஞாபகமில்லை. மேடம் போனைச் சற்றுத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அந்த வெளுத்த கண்கள் வெளிப்படையாகக் கெஞ்சின. ஒரு சின்னத் தலையசைப்பு போதும், வைத்துவிடுவார். வாட்ச்மேன் கடைசி ஜன்னலையும் சாத்திவிட்டுச் சாவிக்கொத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வெச்சுடாதேங்கோ சார். இருங்கோ, சொல்றேன்" என்று மேடம் முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.